பண்டாரியின் அகப்பையும் என் கை உப்பும்

கல்லூரிக்குப் போய்ப் படித்தவர்கள் கோடிப்பேர் இருப்பார்கள். கல்லூரியை நக்கிப் பார்த்தவர் எங்கள் பண்டாரி ஒருவர்தான். மண், மட்கிய எரு, புண்ணாக்குத் தண்ணீர், வேப்பங்கொட்டைக் கரைசல் என்று அந்த வளாகத்தில் அவர் நாக்குப் படாதது கரும்பலகை ஒன்றுதான். அதையும் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டு வைத்திருப்பார் என்றுதான் எனக்குச் சந்தேகம்.

பண்டாரி என்றால் தோணியில் சமைக்கிறவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிற தோணிகளில் நாற்பது வருடம் குசினியில் நின்றவர். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது அவருக்கே மறந்துபோயிருந்தது. வகுப்பு தொடங்கிய முதல் வாரம் டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து அந்தப் பெயரைக் கூப்பிடுவார். பதில் வராது. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பண்டாரி பின்னால் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டுவார்.

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ, பேரக் குடுத்துட்டு ஒருநாளும் வர மாட்டேங்கான்."

ஐந்தாம் நாள்தான் அந்தப் பிள்ளை அவரேதான் என்று தெரிந்தது.

"நாலு நாளு ஆப்செண்டா? டீச்சரு, நான் இங்கனதானே இருந்தேன்! நீங்க பண்டாரின்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா கடலுக்குள்ள கெடந்தாலும் எந்திரிச்சு வந்திருப்பேனே!"

டீச்சர் சின்னப் பெண். எங்கள் வகுப்பில் இருந்த பதினான்கு பேரில் பலருக்கு அவர் பேத்தி வயது. அன்றைக்கே பதிவேட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் 'பண்டாரி' என்று எழுதிக்கொண்டார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஆசைப்பட்டு இல்லை. எங்கள் மகளிர் குழுவிலிருந்து ஒரு ஆள், ஊரோரத்துக் கல்லூரி ஒன்று நடத்தும் ஆறு மாத இயற்கை வேளாண்மைப் படிப்புக்குப் போகவேண்டும் என்றார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், வயது தடையில்லை. கூட்டத்தில் ஒவ்வொருத்தியாக "எனக்குத் தோதுப்படாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. வாய் வருவதற்குள் கூட்டம் முடிந்து பெயரையும் எழுதிவிட்டார்கள். அறுபத்திரண்டு வயதில் நான் கல்லூரி மாணவி ஆனது இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு மீனைக் கீறி, உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்துக் கருவாடாக்கியதுதான் என் படிப்பும் உத்தியோகமும்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். நோட்டை மஞ்சள் பைக்குள் போட்டு, பழைய மருந்துச் சீட்டு ஒன்று வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொள்வேன். தெருவில் யாராவது கேட்டால் ஆஸ்பத்திரிக்கு என்பேன். ஒரு மாதம் போனதும் பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"தெனமும் போறியேக்கா, அப்படி என்ன பெரிய சீக்கு? எங்ககிட்ட சொல்லக் கூடாதா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் என் சுகத்துக்காக ஒரு பூசையே வைத்துவிட்டார்கள். சாமியார் என் பெயரை மைக்கில் சொன்னபோது, தரை பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

பண்டாரிக்கு அந்த வெட்கம் எள்ளளவும் கிடையாது. ஒருநாள் பஸ்ஸில் நான் முக்காடு போட்டு ஓரமாக நிற்கிறேன். முன்சீட்டிலிருந்து ஒரு குரல், துறைமுகத்துச் சங்கு மாதிரி.

"ஏளா காலேஜு! இங்கன வா, எடம் போட்டிருக்கேன்!"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் கேட்டார்: "யாரு பெரியவரே காலேஜு?"

"அந்தா முக்காட்டப் போட்டுக்கிட்டு நிக்காள்லா, அவதான். நானும் அவளும் ஒரே கிளாஸு. ஏன் அண்ணாச்சி, எங்கள மாதிரி மாணவமாருக்கு டிக்கெட்டுல ஏதும் சலுக உண்டா?"

பஸ் சிரித்த சிரிப்பில் நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வெயிலில் நடந்துவிட்டேன்.

மண் பரிசோதனை வகுப்புதான் அவருக்குப் பெரிய பெயரை வாங்கிக் கொடுத்தது. டீச்சர் கண்ணாடிக் குழாய், மருந்துப் புட்டி எல்லாம் மேசையில் அடுக்கி, நாலு இடத்து மண்ணை நாலு தட்டில் வைத்திருந்தார். டீச்சர் திரும்புவதற்குள் பண்டாரி நாலிலும் விரலை வைத்து நாக்கில் போட்டுவிட்டார்.

"ஐயையோ, துப்புங்க! துப்புங்க!" என்று டீச்சர் பதறினார்.

"இருங்க டீச்சரு. இது ஆத்து மண்ணு, சாந்தமா இருக்கு. இது செம்மண்ணு, கொஞ்சம் துவர்ப்பு. இந்த மூணாவதுல உப்பு ஒரு சிட்டிகை கூட. இதுல கத்தரிய வச்சா மொகத்தச் சுழிக்கும். நாலாவது..." என்று யோசித்தவர், "இத நீங்க பூந்தொட்டியில இருந்துதான எடுத்தீய? சோம்பேறி மண்ணு," என்றார்.

டீச்சர் மருந்து ஊற்றிப் பார்த்தார். மூன்றாவது தட்டில் உப்பு கூடத்தான் இருந்தது. நாலாவதைப் பற்றி டீச்சர் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பஞ்சகவ்யம். சாணம், கோமியம், பால், தயிர், நெய் எல்லாம் சேர்த்துப் புளிக்கவைக்கிற கரைசல். இருபது நாள் கழித்து மூடியைத் திறந்ததும் எல்லாரும் ரெண்டடி பின்னால் போனோம். பண்டாரி மட்டும் ரெண்டடி முன்னால் போனார். நடந்ததை இங்கே எழுதினால் நீங்கள் கையில் வைத்திருக்கிற காப்பி ஆறிப்போகும். அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

"நெய்ய இன்னும் ரெண்டு நாளு முன்னக்கூட்டி விட்டிருக்கணும்."

இரண்டு மாணவிகள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடினார்கள். ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் அவருக்கு ஒரே பதில்தான்.

"சமையக்காரன் தான் நக்கிப் பாக்காதத அடுத்தவனுக்கு வெளம்பக் கூடாது. மனுசனுக்கு ஒரு நியாயம், செடிக்கு ஒரு நியாயமா?"

அளவுக் குப்பியைக் கையாலும் தொடமாட்டார். இடுப்பில் ஒரு சிரட்டை அகப்பை எப்போதும் தொங்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லி என்று டீச்சர் சொல்வார். "சரி டீச்சரு" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அகப்பையால் மொண்டு ஊற்றுவார். ஆடுகிற தோணியில் எந்தக் குப்பியில் கோடு பார்த்து ஊற்ற முடியும்? கைதான் கணக்கு என்பார். தரைக்கு வந்தும் அவருக்கு அந்த ஆட்டம் நிற்கவில்லை. காலை அகட்டி வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சுவார். எரு வாளியைக் கயிற்றால் மரத்தோடு கட்டுவார். கத்தரிச் செடிகளுக்கு அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க அரிவாள்தான் வேண்டும்.

"அண்ணாச்சி, தரை ஆடாது" என்று நான் ஒருநாள் மெல்லச் சொன்னேன்.

"அது ஒனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதுல்லா" என்றார்.

நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு எங்கள் பாத்திகள் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தன. ஆளுக்கு ஒரு பாத்தி. ஆறு மாதமும் அதில் நாம் செய்வதைத்தான் கடைசியில் வெளியூர் அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, தேறினோமா இல்லையா என்று சொல்வார். என் பாத்தியில் கீரை. அவருடையதில் கத்தரியும் வெண்டையும். களை எடுக்கும்போது அவர் பேசுவார். நான் கேட்பேன். எனக்கு அது தோதாக இருந்தது.

எதற்காக இந்த வயதில் படிக்க வந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு ஒரே மகள். சாகுபுரத்துக்குத் தெற்கே தோட்டக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

"அவ பொறந்தப்ப நான் மாலத்தீவுல. கோயில்ல மொதமொதப் புதுநன்மை வாங்குனப்ப கொழும்புல. கலியாணத்தன்னைக்கு எஞ்சின் கெட்டு நடுக்கடல்ல. போன வருசம், 'வயசாயிட்டு, ஒன்கூட வந்து இருக்கட்டுமா'ன்னு கேட்டேன். 'இங்க வந்து என்ன செய்யப் போறீய, எங்க வீட்டுல தோணியா ஓடுது?'ங்கா. கோவத்துல இல்லளா, நெசமாத்தான் கேக்கா. அப்பான்னா என்னத்துக்கு ஆவும்னு அவளுக்குத் தெரியாதுல்லா."

அதனால்தான் சான்றிதழ். ஈஸ்டருக்கு அதைக் கையில் பிடித்துக்கொண்டு மகள் வீட்டில் போய் இறங்குவது என்று முடிவு செய்து, சேர்ந்த வாரமே கண்ணாடி போட்ட பிரேம் ஒன்றை வாங்கிவிட்டார். எங்களுக்கெல்லாம் கொண்டுவந்து காட்டினார். பிரேமின் பின்பக்கத்தில் கறுப்பு மையால் மகள் வீட்டு முகவரி.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"தோணியில போறவன் பெட்டியில எழுதுவாம்லா, அந்த மாதிரி. ஆளு முங்கிட்டாலும் பெட்டி வீடு போய்ச் சேந்துரும்."

படிப்பில் அவருக்கு மிகவும் பிடித்த பாடம் மீன் அமிலம். மீன் குடலையும் கருப்பட்டியையும் சரிக்குச் சரியாகப் போட்டு மூடிவைத்தால் நாற்பது நாளில் தேன் மாதிரி ஒரு கரைசல் வரும். செடிக்கு அது விருந்து. "மீனும் கருப்பட்டியும்! டீச்சரு, இதுக்கா ஒரு படிப்பு? இது எங்க ஊரு குசினிலா!" என்று குதித்தார். முதலில் ஒரு சின்ன வாளியில் போட்டார். அகப்பைக் கணக்கில்தான் ஊற்றினார். வெண்டை இலை ஒவ்வொன்றும் முறம் மாதிரி விரிந்தது. டீச்சரே ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார். இரண்டாவது முறை ஒரு நீல டிரம் நிறையப் போட்டு, அதையும் வேப்பமரத்தோடு கட்டிவைத்தார்.

டிரம்மில் முப்பது நாள் ஓடியபோது அவருக்குக் கண்புரை ஆபரேஷன் தேதி வந்தது. பத்து நாள் வரமுடியாது. எல்லாரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏளா, நீதான் மீனோட வாழ்ந்தவ. தெனமும் காலம்பற மூடியத் தொறந்து குச்சியால ஒரு கிண்டு கிண்டி மூடிரு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

முதல் நாள் மூடியைத் திறந்தேன். புழு. வெள்ளை வெள்ளையாக நெளிகிறது. நாற்றமோ நாற்றம். காற்று அன்றைக்கு மாணவியர் விடுதிப் பக்கம் அடித்தது. அந்த வழியாகப் போன பிள்ளைகள் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "ஏட்டி, அந்தப் பாட்டிதான் நாறுது" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. எனக்கு உடம்பு கூசிப்போனது.

நாற்பது வருடத்துக்கு மேல் மீனோடு கிடந்தவள் நான். எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மீன் நாறுகிறது என்றால் உப்பு போதவில்லை. என் கை என்னைக் கேட்கவில்லை. மறுநாள் வரும்போது பையில், மருந்துச் சீட்டுக்கு அடியில், கல் உப்பு இருந்தது. இரண்டு சிரட்டை போட்டுக் கிண்டினேன். அதற்கு மறுநாள் புழு குறைந்திருந்தது. இன்னும் இரண்டு சிரட்டை. நாற்றம் குறைந்தது. இன்னும் இரண்டு. கடைசி நாள் பார்த்தால் புழுவும் இல்லை, நாற்றமும் இல்லை. பொன்னிறமாக, அமைதியாக இருந்தது. இந்தக் கல்லூரியில் நான் உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இன்றைக்கும் அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

பண்டாரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமாக்காரர் மாதிரி வந்து இறங்கினார். மூடியைத் திறந்து மூக்கை நீட்டினார்.

"ஏளா! நாத்தமே இல்லயே! என்ன மாயம் செஞ்ச?"

விரலை விடப்போனவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் கடற்கரையில் தவக்காலத்துக்குக் கறியை விடுவார்கள், மீனை யாரும் விடமாட்டார்கள். மீனையும் விட்டால் என்னத்தைத் தின்பது? பண்டாரி மட்டும் நாற்பது நாளும் மீன் தொடமாட்டார். கடலில் இருந்தபோது எடுத்த நேர்ச்சை. ஒரு புயலில் பிழைத்ததற்காம். அந்த நாற்பது நாளும் தோணியில் மீனை அடுத்தவர்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று தண்டலைக் கேட்பாராம். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். அவ்வளவு பெரிய மனிதரைக் குழம்பு ருசி பார்க்கவைத்த ஆள் இவர் ஒருவர்தான் இருப்பார்.

"எனக்கு நேர்ச்ச. நீ நக்கிப் பாத்தியா?" என்றார்.

நான் எங்கே அதை நக்குவது! ஆனால் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் எத்தனை நம்பிக்கையாகக் கேட்கிறார். தலையை ஆட்டிவைத்தேன்.

"அப்பச் சரி. நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்."

அன்றைக்கே அகப்பையால் மொண்டு மொண்டு பாத்தி முழுக்க ஊற்றினார். கத்தரி பூத்திருந்தது. வெண்டை காய்த்திருந்தது. அதிகாரி வர ஆறு நாள் இருந்தது. "வாறவன் கண்ணு பறிஞ்சு போவணும்" என்றார்.

மூன்றாம் நாள் இலை ஓரம் கருகியது. நான்காம் நாள் பூ உதிர்ந்தது. ஐந்தாம் நாள் பாத்தி முழுவதும் யாரோ வெந்நீர் ஊற்றியது போலச் சுருண்டு கிடந்தது. பண்டாரி செடிக்குச் செடி உட்கார்ந்து முடிச்சுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். மூச்சு முட்டுகிறதோ என்று பார்த்தாராம்.

"நான் எத்தன தடவ சொன்னேன், அந்த அகப்பைய விடுங்கன்னு" என்று டீச்சர் அழுகிற மாதிரி சொன்னார்.

"எப்பவும் ஊத்துத மாதிரிதான ஊத்தினேன் டீச்சரு..."

நான் வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். மீன் அமிலம் பாடம். கோணல்மாணலான எழுத்து, என் எழுத்துதான். 'உப்புப் பட்ட மீன் ஆகாது. கருவாட்டுக் கழிவு ஆகாது. உப்பு செடியைக் கொல்லும்.' அதற்கு அடியில் கோடும் போட்டிருக்கிறேன். எழுதிய கை ஒன்று, உப்பை அள்ளிய கை வேறு ஒன்றா?

மறுநாள் காலையில் டீச்சரிடம் சொல்லிவிடுவது என்று போனேன். டீச்சர் அறை வாசலில் நின்றேன். "என்னம்மா?" என்றார். "தண்ணி குடிக்க வந்தேன்" என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அடுத்து பண்டாரியிடமே சொல்லப் போனேன். அவர் அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். அதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அதிகாரி வந்தார். ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்தார். என் கீரையைப் பார்த்து "நல்லா இருக்கும்மா" என்றார். பண்டாரி பாத்தி முன்னால் நின்று கண்ணைச் சுருக்கினார்.

"இது என்ன, தீ வச்சீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர்தான் முந்திக்கொண்டு, "சார், இவருதான் எங்க கிளாஸ்லயே நல்லாச் செய்யுறவரு. போன வாரம் வரைக்கும் இதுதான் முதல் பாத்தி" என்றார்.

"அப்போ என்னத்த ஊத்தினீங்க பெரியவரே?"

பண்டாரி டிரம்மை நோக்கி நடந்தார். கயிற்றை அவிழ்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவர் செய்யப்போவது எனக்குப் புரிந்தது. 'வேண்டாம் அண்ணாச்சி' என்று கத்தவேண்டும். சத்தம் வரவில்லை.

விரலை முக்கி நாக்கில் வைத்தார்.

முகத்தைச் சுழிக்கவில்லை. நாற்பது வருடம் குசினியில் நின்றவருக்கு உப்பை யார் சொல்லித் தரவேண்டும்? நிமிர்ந்து எங்களை வரிசையாகப் பார்த்தார். ஆபரேஷன் ஆன கண் பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு முகமாக வந்து என் முகத்தில் நின்றது. நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அகப்பதான் ஐயா" என்றார் அதிகாரியிடம். "அளவு கூடிப்போச்சு. டீச்சரு படிச்சுப் படிச்சுச் சொன்னாவ. நான்தான் கேக்கல."

அதிகாரி, இன்னொரு முறை படிக்கட்டும் என்று எழுதினார். பண்டாரி இடுப்பிலிருந்து அகப்பையை அவிழ்த்து டீச்சர் கையில் கொடுத்தார். "இத நீங்களே வச்சுக்கிடுங்க தாயி." மற்றதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அந்த அகப்பை கைமாறியதை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சான்றிதழ் கொடுத்த நாள், பன்னிரண்டு பேருக்குப் பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். பலமாகக் கைதட்டியது பண்டாரி. கூட்டம் கலைந்ததும் செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை என் பையில் செருகினார். அந்தப் பிரேம்.

"எங்கிட்ட சும்மாதான கெடக்கு. ஒன் சட்டிபிகேட்ட மாட்டு."

"ஈஸ்டருக்கு மக வீட்டுக்குப் போவலையா அண்ணாச்சி?"

"வெறுங்கையோட எப்படிளா போவ? அடுத்த வருசம் படிச்சிட்டுப் போறேன். எங்க ஓடிரப் போறா?"

எழுபத்தோரு வயது. அடுத்த வருடமாம்.

வீட்டுக்கு வந்து பிரேமைத் திருப்பினேன். கறுப்பு மையில் அந்த முகவரி. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து உட்கார்ந்தேன். கடிதம் என்று நான் எழுதியது வாழ்க்கையில் அது ஒன்றுதான். 'உங்கள் அப்பா வைத்த பாத்திதான் முதல் பாத்தி. அதைக் கெடுத்தது அவர் இல்லை. வேறு ஒரு ஆள் டிரம்மில் உப்பைப் போட்டுவிட்டது. அவருக்கு மண்ணும் தெரியும், செடியும் தெரியும். கூட்டிக்கொண்டு போகவும்.' பெயர் போடவில்லை. கடிதத்தில்கூட நான் 'வேறு ஒரு ஆள்' ஆகத்தான் இருந்தேன். அவ்வளவுதான் என் தைரியம்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை, பாத்தியில் மிச்சமிருந்த கீரையைப் பறிக்கப் போயிருந்தேன். பண்டாரி கருகிப்போன பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். உப்பைக் கழுவி இறக்குகிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அவரைப் போலவே காலை அகட்டி வைத்து ஒரு பெண் இறங்கினாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டேன்.

"எப்பா, யாரோ உப்பப் போட்டுக் கெடுத்துட்டாவளாம்லா. நீங்க ஏன் சொல்லல?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"கடுதாசி வந்திச்சு. பேரு இல்ல."

"எழுத்து எப்படி இருக்கு?"

"கோழி கெளறுன மாதிரி இருக்கு."

பண்டாரி தொட்டிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "நல்ல எழுத்துதான்" என்றார்.

அந்தப் பெண் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி உதிர்த்தாள். பிறகு, "எங்க தோட்டத்துல கத்தரி ஒண்ணு கூட உருப்பட மாட்டேங்கு. நீங்க வந்து, என்ன கொறன்னு நக்கிப் பாத்துச் சொல்லுங்க. காலேஜுக்குப் போன் போட்டேன், டீச்சரு சொன்னாவ, நீங்க அதுல பெரிய ஆளாம்லா" என்றாள்.

பண்டாரி கையில் இருந்த குழாய் அவர் காலையே நனைத்துக்கொண்டிருந்தது.

டீச்சர் ஓடி வந்து அகப்பையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். எரு வாளி ஏறியது; பெட்டியைப் போகிற வழியில் அவர் அறையில் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கடைசியில் நீல டிரம்மையும் ஏற்றச் சொல்லிவிட்டு, ஆட்டோவோடு அதைக் கயிற்றால் கட்ட ஆரம்பித்தார். அது அங்கேயும் போய் எல்லாவற்றையும் கருக்கிவிடுமே! தொட்டிக்குப் பின்னாலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது.

"அண்ணாச்சி, அது வேண்டாம். அதுல நான்... அதுல..."

"தெரியும்ளா" என்றார், முடிச்சைப் பார்த்துக்கொண்டே. "தென்னைக்கு உப்பு நல்லது. அங்கன அஞ்சு தென்ன நிக்குதாம்." முடிச்சை இறுக்கிவிட்டு என் பக்கம் குனிந்தார். "கருப்பட்டி நல்லாச் சேந்திருந்துச்சு. உப்புதான் ஒரு சிரட்ட கூட."

ஒரு சிரட்டையா! அவரை மாதிரி நாக்கு உள்ளவருக்கு அது எத்தனை சிரட்டை என்று தெரியாதா?

ஆட்டோ போய்விட்டது. அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. தென்னை நன்றாகக் காய்க்கிறது என்று டீச்சர் சொன்னார். அந்தப் பிரேம் என் வீட்டுச் சுவரில் திரும்பித்தான் தொங்குகிறது, முகவரி வெளியே தெரிகிற மாதிரி. சான்றிதழ் இன்னும் மஞ்சள் பைக்குள்தான் இருக்கிறது.

இந்த வருடத் தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் தெருவில் மீன் தொடாத ஆள் நான் ஒருத்திதான். ஏன் என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.